பிரதிவாதி வரிசை

அடிப்படை உரிமை மீறல் மனுவின் முதற்பக்கத்தில் வாதம் எதுவும் இருக்காது. மேலே உயர் நீதிமன்றத்தின் பெயர், வழக்கிலக்கம் எழுத விட்ட வெற்றிடம், மனுதாரரின் பெயரும் முகவரியும், நடுவில் 'எதிராக', அதன் கீழே பிரதிவாதிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் புதுக்கடையில் ஜூனியராகச் சேர்ந்தபோது, தட்டச்சாகி வந்த மனுவில் என் சீனியர் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். உள்ளே எத்தனை உருக்கமாக எழுதியிருந்தாலும் அது பிறகு. "ஆரை எல்லாம் கூப்பிட்டிருக்கிறீர், தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மூடிய பேனாவை வரிசைமேல் நகர்த்துவார். பொலிஸ் பொறுப்பதிகாரி, பொலிஸ் மா அதிபர், பாதுகாப்பு அமைச்சின் செயலாளர், கடைசியில் சட்டமா அதிபர். நாட்டின் அதிகாரம் முழுவதும் யார் கையில் இருந்ததோ, அவருடைய பெயர் மட்டும் அந்த வரிசையில் வரக்கூடாது.

1978 செப்டெம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இலங்கை அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை சொன்னது இதுதான்: பதவியில் இருக்கும்வரை ஜனாதிபதி செய்த, செய்யத் தவறிய எதற்காகவும் எந்த நீதிமன்றத்திலும் அவர்மேல் வழக்குத் தொடரவும் முடியாது, ஏற்கெனவே தொடர்ந்ததை நடத்தவும் முடியாது. உத்தியோகக் காரியம் மட்டுமல்ல, சொந்தக் காரியமும் அதில் அடக்கம். அப்படியானால் அவரைக் கட்டுப்படுத்துவது யார் என்று கேட்டால், நாடாளுமன்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்று வந்த ஜே. ஆர். ஜயவர்தன, 1982இல் தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, பொதுத் தேர்தல் இல்லாமலே அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டினார். அந்தக் கடிதக் கட்டு மேசை லாச்சியில் இருக்கும்போது எந்த உறுப்பினர் எழுந்து நின்று கேள்வி கேட்பார்?

குற்றப் பிரேரணை என்று ஒரு வழி 38ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 1991இல் ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக அது கொண்டுவரப்பட்டு, சபாநாயகர் எம். எச். முகம்மது அதை ஏற்றார் என்று தெரிந்ததும், ஜனாதிபதி சபையை ஒத்திவைத்தார். பிரேரணையைச் சபாநாயகர் ஏற்ற பிறகு நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஒத்திவைக்க முடியாது என்று எழுதவில்லை. கிடைத்த இடைவெளியில் கையெழுத்துகள் மேல் சந்தேகம் எழுப்பப்பட்டது, பிரேரணை படுத்துவிட்டது. சட்டக் கல்லூரியில் இதை ஒரு தந்திரக் கதையாகச் சொல்லிச் சிரித்தோம்.

தொழிலுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்த ஜனாதிபதி அதிகாரம் ஒரு ஒற்றைக் கடதாசிதான். தடுப்புக் காவல் உத்தரவு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ், ஒருவரைத் தடுத்து வைக்க அமைச்சர் உத்தரவிடலாம். ஒருமுறைக்கு மூன்று மாதம், நீட்டி நீட்டிப் பதினெட்டு மாதம் வரை. அந்தப் பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு அமைச்சைப் பெரும்பாலான ஜனாதிபதிகள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உத்தரவின் அடியில் கையெழுத்து வைப்பவரும் ஜனாதிபதியே.

வடக்கிலிருந்து வரும் தாய்மார் அந்தக் கடதாசியின் நிழற்பிரதியை ஷொப்பிங் பையில் நாலாக மடித்துக் கொண்டுவருவார்கள். மடிப்பில் எழுத்து தேய்ந்திருக்கும். ஒரு அம்மா கையெழுத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டார்: "கையெழுத்து வைச்சவரையே கேக்கேலாதோ, ஐயா?"

கேட்கலாம் என்பதுதான் விசித்திரம். விடுபாட்டுரிமையைக் கொடுத்த அதே 35ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியில், ஜனாதிபதி தன் பொறுப்பில் வைத்திருக்கும் அமைச்சு விடயங்களுக்கு அது பொருந்தாது, அவற்றுக்கான வழக்கைச் சட்டமா அதிபருக்கு எதிராகத் தொடர வேண்டும் என்று இருந்தது. எனவே நாங்கள் முதலில் பார்ப்பது கையெழுத்தை அல்ல, அதன் கீழே வரும் பதவிப்பெயரை. 'பாதுகாப்பு அமைச்சர்' என்றிருந்தால் கதவு திறந்திருக்கிறது. 'ஜனாதிபதி' என்று மட்டும் இருந்தால் சுற்றிப்போக வேண்டும்: உத்தரவை நிறைவேற்றிய அதிகாரியைப் பிடித்து, அவர் எதை நம்பி இதைச் செய்தார் என்று கேட்க வேண்டும். ஆள் ஒருவர்தான், பேனாவும் ஒன்றாக இருக்கலாம். எந்தத் தொப்பியோடு எழுதினார் என்பதில் ஒருவருடைய பதினெட்டு மாதம் தொங்கியது.

இதற்கெல்லாம் தவணை ஒரு மாதம். உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு இருக்க வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அந்த நீதிமன்றம் நாட்டிலேயே ஓரிடத்தில்தான் இருக்கிறது, புதுக்கடையில். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ ஒரு தாய், பாஸ் எடுத்து, வழியிலே மறிபட்டு, கொழும்பில் லொட்ஜ் பிடித்து, பொலிஸில் பதிந்து, எங்களிடம் வந்து சேரும்போது மாதம் முடிந்திருக்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்திருந்தால் அந்த விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சலுகை அது. வருகிறவர்களிடம் முதலில் கேட்பது மகனின் பெயரைக்கூட அல்ல, ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டைத்தான். கேட்கும்போது எனக்கே குரூரமாகப் படும். நிறைவேற்று அதிகாரத்தின் எல்லைகளைப் பற்றிப் பெரிய மேடைகளில் பேசுகிறவர்கள் இந்த ஒரு மாதத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

1999 ஜனவரியில் வந்த கருணாதிலக்க வழக்கின் தீர்ப்பு எங்கள் தலைமுறைக்கு ஒரு திருப்பம். முந்தின ஆண்டு ஓகஸ்டில் ஐந்து மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடக்கவிருந்தது. சந்திரிகா குமாரதுங்க நாடு முழுவதும் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் அந்தத் தேர்தலை இல்லாமலாக்கினார். ஜனாதிபதியின் செயல், ஆகவே கேட்க முடியாது என்றது அரச தரப்பு. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு ஆளுக்கு, அவர் செய்த செயலுக்கு அல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஜனாதிபதியின் உத்தரவைக் காட்டித் தங்கள் நடத்தையை நியாயப்படுத்துகிற அதிகாரி, அந்த உத்தரவு செல்லுபடியானது என்று காட்டியாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் தேர்தலை நடத்தச் சொன்னது நீதிமன்றம். தீர்ப்பின் பிரதி கிடைத்த அன்று சீனியர் தன் அறையில் நின்றபடியே அதை வாசித்து முடித்தார். அதன் பிறகு எங்கள் மனுக்களில் அந்தத் தீர்ப்பு இல்லாத மனுவே கிடையாது.

நாங்கள் அப்படிக் கொண்டாடியது ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் பக்கமே திரும்பியது. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

2006 செப்டெம்பர் 15. நல்லரத்தினம் சிங்கராசா என்ற கைதியின் வழக்கு. எழுத வாசிக்கத் தெரியாத மொழியில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்ததை வைத்தே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஐ. நா. மனித உரிமைகள் குழு 2004இல் அவர் உரிமைகள் மீறப்பட்டதாக முடிவு சொன்னது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டனையை மீளாய்வு செய்யும்படி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் குழாம் சொன்ன பதில்: தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி இணைந்ததே செல்லாது. நாட்டு மக்களுக்குப் புதிய உரிமை ஒன்றை உண்டாக்குவது சட்டவாக்க அதிகாரம், அது நாடாளுமன்றத்துக்கு உரியது, ஜனாதிபதி தன் கையெழுத்தால் அதைச் செய்ய முடியாது. மனு தள்ளுபடி.

ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 16இல், வடக்கு கிழக்கு இணைப்பு விழுந்தது. 1988இல் ஜே. ஆர். இரு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைத்துப் பிரகடனம் வெளியிட்டார். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றுவிட்டது என்று ஜனாதிபதி திருப்திப்பட்டாலன்றி அப்படி இணைக்க முடியாது என்று மாகாண சபைகள் சட்டம் நிபந்தனை போட்டிருந்தது. மோதல் நிற்கவில்லை. ஜே. ஆர். அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டுக் கையெழுத்திட்டார். பதினெட்டு ஆண்டுகள் இருந்த இணைப்பு, ஜனாதிபதிக்கு அப்படிச் செய்ய அதிகாரமில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாதென்று ஆனது.

அந்த வாரம் எங்கள் தேநீர்க் கடை மேசையில் கோபம் கொதித்தது. அரசியல் தீர்ப்பு என்றார்கள், ஆளைப் பார்த்து எழுதிய தீர்ப்பு என்றார்கள். காலமும் ஆட்களும் அப்படிச் சொல்ல வைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் தீர்ப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தபோது எனக்குத் தொல்லை தந்தது வேறொன்று. அவசரகால ஒழுங்குவிதியை வைத்து ஜனாதிபதி சட்டத்தின் கழுத்தைத் திருக முடியாது என்று 1999இல் கைதட்டினோமே, அதே வாதம்தான் இதுவும். இணைப்பைக் காப்பாற்ற அன்று நான் வாதாடியிருந்தால், ஜனாதிபதியின் அதிகாரம் எல்லையற்றது என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். சிங்கராசா தீர்ப்பு தவறு என்பது இன்றைக்கும் என் எண்ணம். ஒரு மனிதனின் சிறைவாசத்தைத் திருப்பிப் பார்க்க மறுப்பதற்கு அந்தத் தத்துவம் தேவையே இல்லை. இணைப்புத் தீர்ப்பை அப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. தமிழர் மேடைகளில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மாகாணத்தின் எல்லையை ஒரு மனிதரின் அவசரகாலப் பேனாவில் தொங்கவிட்ட 1987–88இன் ஏற்பாட்டைத்தான் நான் நோகிறேன்.

2015இல் 19ஆம் திருத்தம் வந்தது. பதவிக்காலம் ஆறிலிருந்து ஐந்து ஆண்டாகியது, 2010இன் 18ஆம் திருத்தம் நீக்கிய இருதடவை வரம்பு திரும்பியது. எங்கள் முதற்பக்கத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. ஜனாதிபதி உத்தியோகபூர்வமாகச் செய்த எதற்கும் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம் என்று 35ஆம் உறுப்புரைக்கு ஒரு காப்புவாசகம் சேர்ந்தது. போர், சமாதானப் பிரகடனம் மட்டும் விலக்கு. எந்தத் தொப்பி என்று தேட வேண்டிய தேவை அதோடு போயிற்று.

அது எவ்வளவு பெரியது என்பது 2018இல் தெரிந்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை சேரவில்லை. நவம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு, நாடாளுமன்றத்தைக் கலைத்து அதிவிசேட வர்த்தமானி வந்தது. அந்த இரவு கொழும்பில் எந்தச் சட்டத்தரணியின் வீட்டிலும் விளக்கு அணைந்திருக்காது. வர்த்தமானியைத் தொலைபேசித் திரையில் பெரிதாக்கி நாங்கள் பார்த்தது அது எந்த உறுப்புரைகளின் பெயரைச் சொல்கிறது என்பதை. 70(5) இருந்தது. நாடாளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் பொது அதிகாரம் தரும் 33(2)(இ) இருந்தது. 62(2) இருந்தது. 70(1) இல்லை. நாலரை ஆண்டு முடியுமுன் கலைக்க வேண்டுமானால் மொத்த உறுப்பினரில் மூன்றிலிரண்டு பேர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும் என்று 19ஆம் திருத்தம் எழுதியது அங்கேதான். வழக்கு முழுவதும் அந்த இல்லாத இலக்கத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கள் குவிந்தன. முதல் மனுதாரர்களில் ஒருவர் இரா. சம்பந்தன். பிரதிவாதி சட்டமா அதிபர். வழக்குக்கு நிலைத்த பெயரும் அதுவே: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். அவருக்காக எழுந்து நின்றவர் ஜனாதிபதி சட்டத்தரணி கே. கனக ஈஸ்வரன். (அந்தப் பட்டத்தை வழங்குவது ஜனாதிபதிதான். அந்த மண்டபத்தில் இரு பக்கமும் பட்டம் பெற்றவர்கள் நிறைந்திருந்ததைப் பார்த்து ஒரு இளம் சட்டத்தரணி என் காதில் சொன்ன பகிடியை இங்கே எழுத முடியாது.) செவ்வாய்க்கிழமை மாலை இடைக்காலத் தடையுத்தரவு வந்தது. டிசம்பரில் ஏழு நீதியரசர்கள் நான்கு நாள் கேட்டார்கள். 33(2)(இ) தனியாக நிற்கும் அதிகாரம் என்றது ஒரு பக்கம். பொதுவாகச் சொன்னதை எப்படிப் பிரயோகிப்பது என்று வரையறுப்பது 70ஆம் உறுப்புரை, அதைத் தாண்டிக் கலைக்க எங்கும் இடமில்லை என்றது மறுபக்கம். நான் வேறொரு மனுவின் ஜூனியர்களுக்கு உதவியாக, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்டேன். டிசம்பர் 13 மாலை, ஏழு பேரும் ஒருமனதாக: கலைத்தது அரசியலமைப்புக்கு முரண்.

சந்திரிகா 2004 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது அப்படி ஒரு வழக்குக்கே இடமிருக்கவில்லை. பொதுத் தேர்தல் நடந்து ஓராண்டு கடந்திருந்தால் போதும் என்றுதான் அப்போது எழுதியிருந்தது. 19ஆம் திருத்தம் நாலரை ஆண்டாக்கிய அந்தக் காலம் இப்போது இரண்டரை ஆண்டு. 2020இன் 20ஆம் திருத்தம் 35ஆம் உறுப்புரையின் காப்புவாசகத்தையும் தூக்கப் பார்த்தது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வாசல் தப்பியது.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் பிரதிவாதி வரிசையே நகர்ந்ததைப் பார்த்தோம். சிறிசேன பதவியில் இருந்தவரை அவர் பெயரை எழுத முடியவில்லை. இறங்கினார், எழுதினார்கள். ரணில் விக்கிரமசிங்க பிரதிவாதியாக இருந்தார். 2022இல் ஜனாதிபதியானார், அவர் பெயர் வழக்கிலிருந்து கழன்றது. 2023 ஜனவரி 12ஆம் திகதி சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இப்போது என் மேசையில் அதிகம் வருவது பொதுமன்னிப்புதான். 34ஆம் உறுப்புரை. மரண தண்டனைக் கைதியானால் விளக்கம் நடத்திய நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும், அது சட்டமா அதிபரிடம் போய் ஆலோசனையோடு நீதி அமைச்சருக்கு வர வேண்டும், அவர் பரிந்துரையோடு ஜனாதிபதிக்கு. இவ்வளவு படிகள் இருந்தும், மிருசுவிலில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்று, அதை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் உறுதிசெய்த இராணுவத்தினரான சுனில் ரத்நாயக்க 2020 மார்ச் 26ஆம் திகதி வெளியே வந்தார். நாடு கொரோனா ஊரடங்கில் இருந்தது. செய்தி கேட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு நான் திகதி எண்ணிக்கொண்டே பதில் சொன்னேன், ஒரு மாதம்.

2024 ஜனவரியில், கொலை வழக்கில் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவுக்கு ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ச கொடுத்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஜூனில் ரோயல் பார்க் கொலை வழக்கில் சிறிசேன கொடுத்த மன்னிப்பும் போயிற்று. ஜனாதிபதியின் கருணைக்கும் காரணம் வேண்டும், கோப்பில் அது தெரிய வேண்டும் என்பதே இரண்டின் சாரமும். தென்னிலங்கை நண்பர்கள் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். எனக்கு வந்த முதல் அழைப்பு வவுனியாவிலிருந்து. துமிந்த சில்வா விடுதலையான அதே 2021 பொசன் நாளில், அதே ஜனாதிபதியின் மன்னிப்பில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற 16 தமிழ்க் கைதிகளும் வெளியே வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரின் அக்கா.

"அண்டைக்கு விட்ட ஆக்களை எல்லாம் திருப்பிப் பிடிப்பினமோ, ஐயா?"

இல்லை என்றேன். ரத்தானது ஒரு மன்னிப்பு, மனு அதற்கு எதிராகத்தான் போடப்பட்டது, உங்கள் தம்பியின் மன்னிப்பை எதிர்த்து ஒருவரும் வரவில்லை, தவணையும் போய்விட்டது. ஆறுதலாக மூச்சு விட்டவர் உடனே அடுத்ததைக் கேட்டார்: "அப்ப உள்ளுக்கை இருக்கிறவைக்கு இனி ஆரும் மன்னிப்புக் குடுத்தா?"

அதற்கு எதிராக யாரும் மனுப் போடலாம். போடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். தமிழ்க் கைதிக்குக் கொடுக்கும் மன்னிப்பை எதிர்த்து வழக்குப் போட இந்த நாட்டில் ஆள் பஞ்சம் வராது. முன்பு குடும்பங்களுக்காகக் கருணை மனு எழுதும்போது ஒன்றரைப் பக்கம் போதும்: வயதான தாய், படிக்கும் பிள்ளைகள், கழித்த ஆண்டுகள். இப்போது அப்படி எழுதுவதில்லை. தீர்ப்பின் பிரதி, சிறைச்சாலை நன்னடத்தைப் பதிவு, மருத்துவச் சான்று, அதே குற்றத்துக்கு மற்றவர்கள் பெற்ற தண்டனைகளின் ஒப்பீடு என்று இணைப்புகள் வைத்து, ஒவ்வொரு காரணத்தையும் இலக்கமிட்டு எழுதுகிறேன். ஜனாதிபதி கையெழுத்திட்டால், நாளைக்கு அதை எதிர்த்து ஒருவர் 126இன் கீழ் வருவார். அன்றைக்குப் பிரதிவாதியாக நிற்கப்போகும் சட்டமா அதிபர் எடுத்துக் காட்டுவதற்குக் கோப்பில் ஏதாவது இருக்க வேண்டும்.